கீழே குளிரவில்லையா? பனியை உருக்குமுன் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: “எங்கள் இரண்டு கதவு பிரிட்ஜில் மேலே மீன் கல்லாக இருக்கிறது, கீழே பால் திரைந்து போகிறது. ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுப் போட்டால் ஒரு கிழமை நன்றாக ஓடுகிறது, பிறகு பழையபடிதான். பார்க்க வந்தவர் காஸ் போய்விட்டது, அடிக்க வேண்டும் என்கிறார். அடிக்கலாமா?”

அடிக்க வேண்டாம் அக்கா. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காஸ் கசிந்த பிரிட்ஜை ஒரு நாள் நிறுத்தி வைத்தால் போன காஸ் திரும்பி வராது. நிறுத்திப் போட்டதும் ஒரு கிழமை ஒழுங்காக ஓடுகிறது என்றால், அந்த ஒரு நாளில் உள்ளே ஏதோ ஒன்று உருகி வழிந்திருக்கிறது. அது பனி. தானாகப் பனியை உருக்க வேண்டிய ஏற்பாடு உங்கள் பிரிட்ஜில் வேலை செய்யவில்லை.

உங்களுடையது ‘நோ ஃப்ரொஸ்ட்’ வகை. பனியே பிடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் பனி பிடிக்கும், உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் பிடிக்கும். ஃப்ரீசரின் பின்பக்கப் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஒரு கொயில் இருக்கிறது. மேலே, கீழே இரண்டு அறைக்கும் குளிர் அந்த ஒரு கொயிலிலிருந்துதான் வருகிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தத் தகடுகளுக்கிடையால் காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃப்ரீசருக்கும் ஒரு பங்கை ஒரு குழாய்வழி கீழறைக்கும் தள்ளுகிறது. தகடுகளுக்கு நடுவே பனி அடைத்துக்கொண்டால் காற்று போக வழியில்லை. ஃப்ரீசர் கொயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குளிர்ந்துகொண்டிருக்கும். கீழறைதான் முதலில் அடிபடும். மேலே மீன் கல்லாகக் கிடக்க, கீழே பால் திரைவது அதனால்தான்.

இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது? திருகோணமலைக் காற்றிலிருந்துதான். 30 பாகை வெக்கையில், ஈரப்பதன் 75 சதவீதம் இருக்கும் நாளில், ஒரு கனமீற்றர் காற்றில் 23 கிராம் அளவு தண்ணீர் ஆவியாக இருக்கும். அதே காற்றை மறை 20 பாகைக்குக் குளிர்வித்தால் அதில் ஒரு கிராம்தான் நிற்கும். மிச்சம் முழுக்கக் கொயிலில் பனியாக ஒட்டும். 250 லீற்றர் பிரிட்ஜின் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனதாகக் கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலுக்காக எத்தனை தரம் கதவைத் திறக்கிறார்கள் என்று ஒரு பின்னேரம் எண்ணிப் பாருங்கள். வாடைக் காலத்தில், மழை விடாத நாட்களில் இது இன்னும் கூடும். சூடு ஆறாத குழம்புச் சட்டியை மூடாமல் வைப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இந்தப் பனியை உருக்கக் கொயிலின் அடியில் ஒரு ஹீற்றர் இருக்கிறது. அதை எப்போது போடுவது என்று முடிவெடுப்பது டைமர். பழைய, சாதாரண மொடல்களில் அது கறண்டில் மெதுவாகச் சுற்றும் ஒரு சின்னப் பல்சக்கரப் பெட்டி. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொம்பிரசரை நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் ஹீற்றருக்கு கறண்ட் கொடுக்கும். பனி உருகியபின் சூடு மிஞ்சிப் போகாமல் ஹீற்றரை வெட்டிவிடுவது பைமெற்றல் என்று கடைகளில் சொல்லும் வட்டமான சின்னத் தெர்மோஸ்டாட். அதுவும் வேலை செய்யாமல் போனால் காப்பாற்ற, சுமார் 70 பாகையைத் தாண்டினால் எரிந்துபோகும் ஒரு தேமல் பியூஸ். உருகிய தண்ணீர் அடியிலுள்ள துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்னால் கொம்பிரசருக்கு மேலிருக்கும் தட்டில் விழுந்து அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். டைமர், ஹீற்றர், பைமெற்றல், பியூஸ், வடிகால். இந்த ஐந்தில் ஒன்றில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது, பெரும்பாலும்.

இடையில் ஒரு விஷயம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கறண்ட் நின்றது நினைவிருக்கும். அந்த நாட்களில் இந்தக் கோளாறு உள்ள பிரிட்ஜ்கள் நல்லபிள்ளையாக ஓடியிருக்கும். மின்வெட்டே பனியை உருக்கிக் கொடுத்துவிடும், பழுது வெளியில் தெரியாது. கறண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியபின்தான் கீழறை சூடாகும். “மின்வெட்டு நின்றதும் பிரிட்ஜ் பழுதாகிவிட்டது” என்று அப்போது சொன்ன வீடுகளில் சிலவற்றிலாவது பழுது முன்னமே இருந்திருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இதில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பனியை உருக்கிவிடாதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பனி இருக்கும்போது ஒரு மல்டிமீற்றரை, அதாவது ஓம் அளக்கும் சின்னக் கருவியை, வைத்துப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியதை, உருக்கிய பிறகு கண்டுபிடிக்கப் பல நாள் காத்திருக்க வேண்டி வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. மீனையும் இறைச்சியையும் ஒரு ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மாற்றிவிடுங்கள், அரை நாள் தாங்கும். ஃப்ரீசரின் பின்பலகையில் இரண்டு மூன்று ஸ்குரூ இருக்கும். சில மொடல்களில் அவற்றின்மேல் சின்னப் பிளாஸ்டிக் மூடி அழுத்தியிருக்கும், நகத்தால் கிளப்பலாம். ஸ்குரூவைக் கழற்றிய பிறகும் பலகை வரவில்லை என்றால் பனியோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் வெடிக்கும், அந்தப் பலகை தனியாக வாங்கக் கிடைப்பது கடினம். ஒரு கோப்பையில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைக் கொஞ்ச நேரம் மூடிவிட்டு, பலகை விடுபட்டதும் மெதுவாக எடுங்கள். ஃபேன் அதிலேயே பொருத்தியிருந்தால் வயர் பிளக்கைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இப்போது பனி எப்படிப் படிந்திருக்கிறது என்று பாருங்கள், ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கொயில் முழுக்க மேலிருந்து கீழ்வரை, தகடே தெரியாமல் ஒரே சீராக வெள்ளைப் பனி மூடியிருந்தால் அது பனி உருக்கும் பகுதியின் பழுது. காஸ் நிறையவே இருக்கிறது, இல்லாவிட்டால் கொயில் முழுக்க இப்படிப் பனி பிடிக்காது. கொயிலின் ஒரு மூலையில், காஸ் உள்ளே வரும் முதல் ஒன்றிரண்டு வரிசையில் மட்டும் பனி, மிச்சம் வெறும் அலுமினியம் என்றால்தான் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். தகடுகள் ஓரளவு சுத்தமாக இருந்து, அடியில் மட்டும் கண்ணாடிபோலத் தடித்த ஐஸ் கட்டியிருந்தால் வடிகால் அடைப்பு. மரக்கறித் தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குவதும் அதனால்தான். கதவோரம், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் பனி பூத்திருந்தால் கதவு ரப்பர். ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடிமானமே இல்லாமல் வந்தால் அந்த இடத்தால் வெளிக்காற்று போகிறது.

உங்கள் பிரிட்ஜில் முதலாவதைத்தான் எதிர்பார்க்கிறேன். இனி மீற்றர்.

ஹீற்றர், பியூஸ், பைமெற்றல் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருக்கும். கொயிலின் மேல் மூலையில் இருக்கும் வயர் பிளக்கைக் கழற்றி, கொயில் பக்கத்து இரண்டு முனையில் மீற்றரின் இரண்டு கம்பியையும் வையுங்கள். எந்த இரண்டு முனை என்பது பிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தில் இருக்கும். மூன்றும் நல்லதாக இருந்தால் ஹீற்றரின் ஓம் அளவு காட்டும். 230 வோல்ட்டில் 150 வாட்ஸ் ஹீற்றர் என்றால் சுமார் 350 ஓம், 200 வாட்ஸ் என்றால் சுமார் 265. இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மலிவான மீற்றரை 200 ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் அது இடப்பக்கம் ‘1’ என்று மட்டும் காட்டும். அளவுக்கு மேல் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். ஹீற்றர் அறுந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். 2000 ஓம் அளவில் வைத்துப் பாருங்கள்.

ஓம் அளவு வரவில்லை என்றால் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பனியை விட்டுவைக்கச் சொன்னது இங்கேதான் உதவும். பைமெற்றல் குளிரில் மட்டும்தான் இணையும். மறை 5, மறை 10 பாகை என்று மொடலுக்கு மொடல் மாறும் ஒரு குளிரில் மூடி, பனி உருகி பூச்சியத்துக்கு மேலே சில பாகை ஏறியதும் திறந்துவிடும். அறைச் சூட்டில் நல்ல பைமெற்றலும் திறந்திருக்கும், செத்த பைமெற்றலும் திறந்திருக்கும். மீற்றரில் இரண்டும் ஒன்றுதான். பனிக்குள் இருக்கும்போது அளந்தால் நல்லது பூச்சியம் ஓம் காட்டும், பழுதானது ஒன்றும் காட்டாது. பனியை ஏற்கனவே உருக்கிவிட்டீர்கள் என்றால், அதைக் கழற்றி வேறொரு ஃப்ரீசரில் ஒரு மணித்தியாலம் வைத்து, எடுத்த கையோடு அளந்து பார்க்கலாம். மேல்மூடி வீங்கியிருந்தால் அளக்கவே தேவையில்லை, உள்ளே தண்ணீர் போய்விட்டது. பியூஸ் எந்தச் சூட்டிலும் பூச்சியம் காட்ட வேண்டும், இல்லையென்றால் எரிந்துவிட்டது.

பியூஸ் எரிந்திருந்தால் வயரை நேராக முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தவரை இரண்டாம் முறை வீட்டுக்குள் விடாதீர்கள். இப்போது வரும் பெரும்பாலான பிரிட்ஜில் குளிரூட்டும் காஸாக இருப்பது ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியும் வாயு. கொம்பிரசரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் முக்கோணத் தீக்குறியைப் பாருங்கள். சூட்டை வெட்ட வேண்டிய கடைசிக் காவலை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கும் எரிவாயுவுக்கும் நடுவே ஒரு ஹீற்றரை விட்டுவைப்பது எவ்வளவு கெட்டித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள். பியூஸ் எரிந்தது என்றால் பைமெற்றல் வெட்டாமல் நின்றிருக்கலாம், ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. புதுப் பியூஸை ஈயம் வைத்து ஒட்டவும் கூடாது, ஒட்டுகிற சூட்டிலேயே எரிந்துவிடும். குறடால் நசுக்கிப் பிடிக்கும் இணைப்பான் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் உறையை இழுத்து மூட வேண்டும். வெறும் டேப் சுற்றினால் அந்த ஈரத்தில் நிற்காது.

மூன்றும் நல்லதாக இருந்தால் சந்தேகம் டைமருக்குப் போகிறது. கீழறையில் தெர்மோஸ்டாட் பெட்டிக்குள்ளோ, பின்னால் கொம்பிரசர் பக்கமோ நான்கு முள்ளுடன் ஒரு வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டியாக இருக்கும். நடுவில் ஸ்குரூட்ரைவர் வைக்க ஒரு வெட்டு. பிளக் கழன்ற நிலையில் அதை வலப்பக்கமாக மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று கேட்கும். அங்கே நிறுத்தி, பலகையையும் ஃபேனையும் மாட்டி, பிளக்கைப் போடுங்கள். கொம்பிரசர் ஓடாமல், கொஞ்ச நேரத்தில் ஃப்ரீசருக்குள் காது வைத்தால் சூட்டுக் கம்பியில் தண்ணீர்ச் சொட்டு விழும் ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்க வேண்டும். வயரைக் கவ்விப் பிடித்து கறண்டை அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் அரை ஆம்பியருக்குச் சற்று மேலே காட்டும். கையால் திருப்பினால் உருகுகிறது, தானாக உருகுவதில்லை என்றால் டைமரின் மோட்டர் நின்றுவிட்டது. அதை மாற்றினால் வேலை முடிந்தது.

டைமர் வாங்கும்போது கவனம். நான்கு முள் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. பார்க்க இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், உள்ளே மோட்டருக்கு கறண்ட் போகும் வழி வேறு. சிலதில் மோட்டர் எப்போதும் சுற்றும், சிலதில் பைமெற்றல் வெட்டும்வரை நின்று பிறகுதான் நகரும். மாற்றிப் போட்டால் பனி உருகாமலே போகலாம், கொம்பிரசர் திரும்ப ஓடாமலும் போகலாம். பழைய டைமரைக் கடைக்குக் கொண்டுபோய், அதன்மேல் அடித்திருக்கும் எழுத்தும் இலக்கமும் ஒன்றுவிடாமல் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 50 ஹேர்ட்ஸ் (நம் நாட்டுக் கறண்டின் அலைவெண்) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மோட்டர் கறண்டின் ஹேர்ட்ஸை வைத்தே சுற்றுவதால், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பத்து மணித்தியால டைமர் நம் நாட்டில் பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். வாடைக் காலத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் சும்மா இல்லை.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதா? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கரையோர வீடுகளில் பார்க்க வேண்டிய ஒன்று. காரணமே தெரியாமல் எட்டு, பத்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நடுச்சாமத்தில்கூட ட்ரிப் விழும். வீடு முழுக்க வயரிங்கைத் தோண்டுவார்கள். ஹீற்றரின் உறையில் ஈரம் புகுந்து கறண்ட் பிரிட்ஜின் உலோக உடலுக்குக் கசிந்தால் இப்படித்தான் நடக்கும், ஹீற்றர் போடும் நேரம் மட்டும் விழும். ஹீற்றரின் ஒரு முனைக்கும் கொயிலின் அலுமினியத்துக்கும் நடுவே மீற்றரின் மிக உயர்ந்த ஓம் அளவில் வைத்துப் பாருங்கள், எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் ஹீற்றரை மாற்ற வேண்டும். ஓம் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்க வீடுகளில் உப்புக் காற்றுக்கு இணைப்பு முனைகள் பச்சை பூத்துப் போவதும் வழக்கம். பகுதிகள் எல்லாம் நல்லதாக இருந்தும் ஹீற்றர் சூடாகவில்லை என்றால் அந்த முனைகளைச் சுரண்டிப் பாருங்கள்.

உங்களுடையது இன்வேர்டர் மொடல் என்றால் இந்த டைமர் இருக்காது. கொயிலில் ஒட்டிய சென்சரும் பின்னாலுள்ள போர்டும் அந்த வேலையைப் பார்க்கும். சென்சரை அளப்பது சுலபம். ஐஸ் போட்ட தண்ணீரில் நனைத்து ஓம் அளவைப் பாருங்கள், பிறகு உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். சூடு ஏற ஏற ஓம் சீராகக் குறைய வேண்டும். அசையாமல் நின்றாலோ, தாவித் தாவி ஓடினாலோ பழுது. போர்டில் கைவைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள கப்பாசிற்றரில் அடிக்கும் அளவுக்கு கறண்ட் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் பார்க்கட்டும். போர்டு மூடிக்குள் பல்லி செத்துக் கிடக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பகிடிக்குச் சொல்லவில்லை.

அளந்து முடிந்த பிறகு பனியை உருக்கலாம். கத்தி, ஸ்குரூட்ரைவர் எதுவும் கிட்டே வரக்கூடாது. அலுமினியக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் அப்போதுதான் உண்மையில் காஸ் போகும், அதுவும் எரியும் காஸ். சுடுதண்ணீர்க் கோப்பையை உள்ளே வைத்துக் கதவை மூடி, ஆற ஆற மாற்றினால் போதும். அல்லது ஒரு மேசைவிசிறியைத் திறந்த ஃப்ரீசருக்கு முன்னால் வையுங்கள், கச்சான் காற்று அடிக்கும் நாளில் அது ஒரு பின்னேரத்துக்குள் வேலையை முடித்துவிடும். கீழே பழைய துவாய் இரண்டு விரித்துவிடுங்கள்.

அப்புறம் வடிகால். கொயிலுக்கு அடியில் நடுவிலிருக்கும் துளையில் ஊசி இல்லாத ஒரு பெரிய சிறிஞ்சால் இளஞ்சூட்டுத் தண்ணீரை அடியுங்கள். தண்ணீர் பின்தட்டில் வந்து விழ வேண்டும். வராவிட்டால் உள்ளே ஐஸ் இருக்கும், அல்லது குழாயின் கீழ்முனையிலுள்ள ரப்பர் வாயில் வழுவழுப்பாக அழுக்கு அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவினால் போதும். ஹீற்றரிலிருந்து துளைக்குள் ஒரு சின்ன உலோகத் தகடு தொங்கினால் அதைத் திரும்ப அதே இடத்தில் மாட்டுங்கள். துளைக்குள் ஐஸ் கட்டாமல் சூட்டைக் கொண்டுபோவது அதுதான், பலரும் தேவையில்லை என்று எறிந்துவிடுகிறார்கள்.

பூட்டி முடித்து ஓடவிட்டதும் அன்றைக்கே கீழறையில் கை வைத்துப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், முழுக்கக் குளிர ஒரு நாள் பிடிக்கும். காஸ் அடிக்கச் சொன்னவரிடம் கொயிலின் படத்தைக் காட்டுங்கள், கோபிக்காமல் காட்டுங்கள். நல்ல தொழில்காரர் என்றால் பார்த்ததும் விளங்கிக்கொள்வார். திருத்தியது சரியா என்று அறிய, மூன்றாம் நாள் பிரிட்ஜைச் சுவரிலிருந்து சற்று இழுத்து, கொம்பிரசருக்கு மேலுள்ள தட்டை டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் பனி உருகி வடிகிறது. இந்த வெக்கையில் அது சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் காலையில் எழுந்ததும் பாருங்கள். இரண்டு மூன்று காலை பார்த்தும் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்றால், பலகையைத் திரும்பக் கழற்றுங்கள். பனியை உருக்காமல்.